கோப்பி நலம்

தம்போய்,
14 ஏப்ரல் 2025

அன்புள்ள சந்திரமதி அத்தைக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் உங்கள் தம்பி ரூபேந்திரனின் மகள் லோஷினி. படிவம் மூன்றில் படிக்கிறேன், வயது பதினைந்து.

கடிதத்தை 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நலமறிய ஆவல் என்பது உண்மை. முதல் சொல்லைப் பொய்யாக எழுத எனக்கு மனமில்லை. அதனால் இப்படித் தொடங்குகிறேன்: எங்கள் நாய் கோப்பி இன்றுவரை நலம்.

இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அம்மா வேலை செய்யும் டோபி கடைக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பெயர் போடாத ஒரு வாழ்த்து அட்டை வரும். அனுப்புவது சந்திரமதி அத்தை என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னார். அதைக் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதன் பின்பக்கத்தில் இருந்த பெக்கான் நானாஸ் முகவரியை நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

தொலைபேசியில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். அம்மாவுடையதையும் என்னுடையதையும் அப்பா தினமும் வாங்கிப் பார்ப்பார். தாள்களைப் பார்ப்பதில்லை. வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொள்வார்.

நானும் அம்மாவும் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்ளும் விடுதி. நாயை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். போன மாதம் அப்பா கோப்பியின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, "ரெண்டு பேரும் வாசல் கேட்ட தாண்டிப் பாருங்க. அப்புறம் இது இருக்காது," என்றார். அவர் சொன்னால் செய்வார். முன்பு எங்களிடம் இரண்டு நாய்கள் இருந்தன.

கோப்பியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா? யாருக்கும் தெரியக்கூடாது. பதிலை என் தோழி சமீராவின் பெயருக்கு, கீழே உள்ள அவள் அத்தாவின் கடை முகவரிக்கு அனுப்புங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள். நான் வேறு வழி தேட வேண்டும்.

சாமி மேடையின் சிவப்பு விளக்கில் எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் மருமகள்,
லோஷினி


பெக்கான் நானாஸ்,
22 ஏப்ரல் 2025

அன்பு மருமகள் லோஷினிக்கு அத்தை எழுதுவது.

இறைவன் அருளால் இங்கே உடம்புக்குக் குறையில்லை. உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து மனதுக்குத்தான் குறை.

நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைச் சந்திரமதி என்று கூப்பிட இப்போது ஆளில்லை. என் பெயர் ஜாஹிதா. உன் மாமா முனீர் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கிறார். நாங்கள் முஸ்லிம்கள். நாயின் எச்சில் பட்டால் நாங்கள் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் நாய் கிடையாது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் இருட்டிய பிறகுதான் தோட்டத்திலிருந்து வந்தார். மூன்றாம் நாள் பசியாறும்போது தட்டைப் பார்த்தபடியே, "நான் தொட மாட்டேன். அதுக்காகப் பட்டினி போடவும் மாட்டேன். பின்னால கூண்டு கட்டுறேன்," என்றார். அன்று மத்தியானமே பலகையும் கம்பி வலையும் வந்துவிட்டன.

நான் ஒரு 'மாமாக்'குக்காக, ஒரு தமிழ் முஸ்லிம் பையனுக்காக, வீட்டை விட்டு ஓடியவள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். முனீரை நான் முதன்முதலில் பார்த்ததே ஓடி வந்த பிறகுதான். மற்றதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

நீ எழுதுவது சாந்தினிக்குத் தெரியுமா? நாயை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட நான் தயாராக இல்லை. அதை முதலில் சொல்.

துஆவுடன்,
அத்தை


தம்போய்,
30 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கோப்பி நலம். உங்களுக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். சலாம் சொல்ல வேண்டுமா என்று சமீராவிடம் கேட்டேன். "வணக்கமே போதும் லா, நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியும்," என்றாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். அப்போதுதான் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். முதலில் பயந்தார்.

"அவங்க உங்கப்பாவோட அக்கா, லோஷி. என்னைக்காவது அவர்கிட்ட சொல்லிட்டா?"

"இத்தனை வருஷம் அட்டையில பேர்கூடப் போடாதவங்க சொல்ல மாட்டாங்கம்மா," என்றேன்.

அம்மா கடிதத்தை இன்னொரு முறை படித்து மடித்தார். பிறகு, "கோப்பி மொதல்ல போகட்டும்," என்றார். அதன் பொருள் பிறகு நாங்களும் போவோம் என்பதுதான். அம்மாவை எனக்குத் தெரியும்.

கோப்பியைப் பற்றிச் சொல்கிறேன். பால் ஊற்றாத கோப்பி நிறம், வயிற்றில் மட்டும் வெள்ளை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் சாப்பிடும். தொடாவிட்டாலும் பரவாயில்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள், உட்கார்ந்தால் போதும். இடிக்குப் பயப்படாது. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடும். ~~நானும்தான்.~~ அடித்திருப்பதைப் படிக்க வேண்டாம்.

அப்பாவின் அறையில் விளக்கு எரிகிறது. இத்துடன் நிறுத்துகி


பெக்கான் நானாஸ்,
7 மே 2025

அன்பு மருமகளுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் சுகம். உன் கடைசிச் சொல் பாதியில் நிற்பதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த முறை பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் கடிதத்தையே கிழித்துப் போட்டுவிடு. எனக்குக் கடிதம் முக்கியமில்லை.

மாமாவின் அன்னாசி லோரி பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை உங்கள் பக்கத்துச் சந்தைக்கு வரும். பச்சைத் தார்ப்பாய் போட்ட லோரி. ரொட்டி சானாய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கோப்பியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் வா. மாமா தொட மாட்டார், அது உனக்குத் தெரியும். நீயே கூடைக்குள் விட வேண்டும். பிறகு வீட்டுக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, நாய் பிடிக்கும் வண்டி வந்து கொண்டுபோனதாகச் சொல்.

அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இதைவிட நல்ல யோசனை கிடைத்திருந்தால் எழுதியிருப்பேன். மனம் மாறினால் வராதே. லோரி சும்மா திரும்பி வரும், ஒருவரும் கோபிக்க மாட்டோம்.

துஆவுடன்,
அத்தை


பெக்கான் நானாஸ்,
19 மே 2025

லோஷினிக்கு,

கோப்பி நலம். வழியெல்லாம் அன்னாசிக் கூடைக்குள் முனகிக்கொண்டே வந்ததாம். கூடைக்குள் விட்டதும் நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய் என்று மாமா சொன்னார். மூன்று தடவை சொல்லிவிட்டார்.

கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு. அதுவும் சாப்பிடுகிறது.

நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி போதும்.

அத்தை


தம்போய்,
12 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் சமீரா இன்றுதான் கொடுத்தாள். மே பத்தொன்பதாம் தேதி எழுதியதும், அதற்குப்பின் மறுபடி பதில் கேட்டு எழுதியதும். இத்தனை நாளும் நான் பள்ளிக்குப் போகவில்லை.

கையெழுத்துக்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன்.

கேட் திறந்திருந்தது, வண்டி வந்தது என்று சொன்னேன். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொன்னேன். கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை.

'கோப்பி நலம்' என்று நீங்கள் எழுதிய வரியை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைப் படித்துவிட்டு, நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரிமேல் இருந்த பையை இறக்கினார்.

எப்போது என்று எழுத மாட்டேன். இதற்குப் பதில் போடாதீர்கள். மாமாவிடம் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

லோஷினி


(இடம் எழுதக்கூடாது)
5 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

அம்மாவும் நானும் ஒரே இடத்தில், ஒரே அறையில் இருக்கிறோம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. இப்போதைக்கு இதைத்தான் எழுத முடியும்.

இங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. ஊர் பெயர், பள்ளிப் பெயர், ஜன்னல் வழியாகத் தெரிவது எதையும் எழுதக்கூடாது. விடுதி அக்கா கடிதத்தை எடுத்துப்போய் வேறோர் ஊரில் தபாலில் போடுவார். அதனால் உறையின்மேல் உள்ள முத்திரையை நம்ப வேண்டாம். பதிலை, உறைக்குள் துண்டுத் தாளில் இருக்கும் தபால்பெட்டி எண்ணுக்குப் போடலாம். அம்மா போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். எழுதும்போது இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். கையெழுத்தை மட்டும் ஒரே இழுப்பில் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது வலது கை. இன்னும் கொஞ்சம் கோணல்.

ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டோம் என்று கோப்பி நினைக்கிறதா? இத்துடன் என் பழைய பள்ளிச் சட்டை ஒன்றை அனுப்புகிறேன். துவைக்கவில்லை. கூண்டுக்குள் போடுங்கள்.

இங்கே இன்னொரு பிள்ளை இருக்கிறாள். அவள் வீட்டுப் பூனையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தினமும் சாப்பாட்டில் மீனை ஒதுக்கி வைக்கிறாள்.

அன்புடன்,
லோஷினி


பெக்கான் நானாஸ்,
20 ஜூலை 2025

அன்பு லோஷினிக்கும் சாந்தினிக்கும்,

நாங்கள் சுகம். கோப்பி நலம். முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். உன் அப்பா இங்கே வந்தான்.

தவறு எங்களுடையது. அவன் தேடவே மாட்டாத வீடு இது என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். முஸ்லிம் வீட்டில் நாய் குரைத்தால் ஊர் முழுக்கக் கேட்கும் என்று இருவரும் யோசிக்கவில்லை. கடைக்காரர் சயீத் பாய் போன மாதமே கேட்டார்: "என்ன மாமி, வீட்டுக்குப் புது மருமகன் வந்திருக்காராம், ராத்திரியெல்லாம் பாடுறாராம்?" நான் சிரித்துவிட்டு வெங்காயம் வாங்கி வந்துவிட்டேன். அந்தக் கிண்டலை அன்னாசி ஏற்றும் லோரிக்காரர்கள் தம்போய் தேநீர்க் கடை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். உன் அப்பாவும் லோரிக்காரன்தானே.

வெள்ளிக்கிழமை. மாமா ஜும்ஆ தொழுகைக்குக் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். லோரி வந்து நின்றது. என்னைப் பார்த்து, "அக்கா," என்றான். குரல் அப்படியே இருக்கிறது.

"நாய எடுத்துட்டுப் போக வந்தேன்."

"எந்த நாய்?"

"வெளையாடாதக்கா. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு."

"இத்தன வருஷம் கழிச்சு வர்ற. இருக்கியா செத்தியான்னு கேக்கத் தோணல. நாய் லைசென்ஸுதான் தோணுது."

"அவங்க ரெண்டு பேரும் எங்க?"

"தெரியாது. தெரியாம இருக்கறதுதான் நல்லது. தெரிஞ்சா உன்னப் பார்த்துப் பொய் சொல்லணும். இப்ப நெஜத்தையே சொல்லலாம்."

"பரவால்ல," என்றான். "நாய் என்கிட்ட இருந்தாப் போதும். அவளே வந்துருவா."

அதைச் சொல்லும்போது சிரித்தான், லோஷினி. எங்கள் அப்பா சிரிப்பது மாதிரியே.

பிறகு கேட்டைத் தள்ளினான். அவன் கையில் இருந்த சாவிக்கொத்து கம்பியில் பட்டுச் சத்தம் போட்டது. பின்னால் கோப்பி குரைப்பதை நிறுத்திவிட்டது. நான் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். விடமாட்டேன் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் தாங்குவேன் என்றுதான் தெரியவில்லை.

மாமாவைக் காணோம். எங்கே போனார் என்று திரும்பினால், பின்பக்கத்திலிருந்து வருகிறார். இரண்டு கையாலும் கோப்பியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு. வெள்ளைச் சட்டையெல்லாம் மண், எச்சில், பயத்தில் அது பெய்த மூத்திரம். இத்தனை நாளும் கம்பால் தட்டைத் தள்ளிவிட்ட மனுஷன்.

"கேட்டுக்கோ ரூபன்," என்றார். "இது என் வீட்டு நாய். வேணும்னா என் கையிலருந்து எடு."

தொழுகைக்குப் போகிறவர்கள் தெருவில் நின்றுவிட்டார்கள். ஒருவரும் நகரவில்லை. சயீத் பாய்தான் தொலைபேசியைத் தூக்கிக் காட்டி, "போலீஸக் கூப்பிட்டாச்சு லா. லோரிய எடுக்கறியா, வர்ற வரைக்கும் தேத்தண்ணி குடிக்கறியா?" என்றார்.

உன் அப்பா எல்லாரையும் பார்த்தான். இத்தனை பேர் பார்க்க ஒன்றும் செய்ய அவனுக்குத் தெரியாது. லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போனபிறகு போலீஸ் வந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்திருக்கிறோம். உங்கள் புகாரோடு சேர்ப்பார்களாம். விடுதியில் சொல்லிவிடுங்கள்.

மாமா கோப்பியை இறக்கிவிட்டார். தோட்டத்திலிருந்து மண் எடுத்து வாளியில் கரைத்தார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே கழுவினார். ஈரம் காயாத வேறு சட்டை போட்டுக்கொண்டு ஓடினார். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்ததாம். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். சாயங்காலம் கேட்டில் ஒரு பை தொங்கியது. கோழி எலும்பு. சயீத் பாய் கடைப் பை.

அன்றிரவே கோப்பியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். குரைத்தால் அன்னாசிக்கு மட்டும்தான் கேட்கும். எங்கே என்று உனக்கும் சொல்ல மாட்டேன். உன் சட்டையும் அதோடு போயிருக்கிறது. அதன்மேல்தான் படுக்கிறது. விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிற நாய் அப்படிப் படுக்காது.

துஆவுடன்,
அத்தை


(இடம் எழுதக்கூடாது)
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தார். 'என் கையிலருந்து எடு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, அதையே மறுபடி படித்தார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார்.

அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார் என்று எழுதியிருந்தீர்கள். நான் அவரை எப்போதும் கேட்டுக்கு உள்ளேதான் பார்த்திருக்கிறேன். வெளியே அவர் சின்னதாக இருந்தாரா?

விடுதி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். இங்கே தொலைபேசியில் பேசும் பெண்களில் நிறையப் பேர், "பூனைய என்ன பண்றது?", "நாய யார் பாத்துக்குவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்களாம். அப்புறம் கூப்பிடுவதே இல்லையாம். உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: கூண்டு இன்னும் இருக்கிறதா?

அன்புடன்,
லோஷினி


பெக்கான் நானாஸ்,
14 அக்டோபர் 2025

அன்பு லோஷினிக்கும் சாந்தினிக்கும்,

தீபாவளி வாழ்த்து. இந்த வருஷ அட்டையில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். இரண்டு பெயரையும்.

நீங்கள் வாடகை வீட்டுக்குப் போனதும், விடுதி அக்காவின் ஆள் வந்து கோப்பியைக் கூட்டிப் போனதும் எங்களுக்குச் சந்தோஷம். மாமா மட்டும் வண்டி வரும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விட்டார். வேலை இருந்ததாம். நாற்காலி இன்னும் அங்கேயே கிடக்கிறது.

கூண்டு காலியாக இல்லை. இப்போது எங்களுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. விடுதி அக்கா அனுப்புவது நாயென்றால் தோட்டத்துப் பக்கம். பூனையென்றால் வீட்டுக்குள். முஸ்லிம் வீட்டில் எத்தனை பூனை இருந்தாலும் யார் எண்ணப் போகிறார்கள்? சயீத் பாய் மட்டும் மீன்தலை கொடுத்தனுப்பும்போது, "மருமகனுங்க எத்தன பேரு இப்ப?" என்று கேட்பார். எத்தனை என்று சொல்வேன். யாருடையவை என்று அவரும் கேட்பதில்லை.

போன வாரம் ஒன்று வந்தது. வால் நுனி முறுக்கிய பூனை. பெயர் தவுக்கே. பெயருக்கு ஏற்ற முதலாளி மாதிரியே மாமாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு சின்னப் பையனுடையது. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பூனை சாப்பிடுகிறதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேட்டிருக்கிறான். எனக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாது. நீ எழுதுகிறாயா?

துஆவுடன்,
சந்திரமதி ஜாஹிதா


(இடம் எழுதவில்லை)
3 நவம்பர் 2025

பெயர் தெரியாத தம்பிக்கு,

தவுக்கே நலம். மீன்தலை சாப்பிடுகிறது. அது இருக்கும் வீட்டில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தரமாட்டேன் என்கிறதாம். அதைப் பார்த்துக்கொள்கிற அத்தையை எனக்குத் தெரியும். அவர் கேட்டைப் பிடித்தால் விடமாட்டார். அவர் வீட்டு மாமாவைப் பற்றி ஒருநாள் விவரமாக எழுதுகிறேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன். உன் பெயரையும் சொல்ல வேண்டாம். கடிதத்தை 'நலம்' என்று தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். உண்மையாக இருந்தால் மட்டும் எழுது. இல்லையென்றால் விட்டுவிடு. நான் நிறைய நாள் எழுதவில்லை, தப்பில்லை.

பூனை இல்லாமல் தூக்கம் வராது. எனக்குத் தெரியும். நீ போட்டுத் துவைக்காத சட்டை ஒன்றை அனுப்பு.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. பெயர் கோப்பி. முன்பெல்லாம் சாவிச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடும். நானும் அதோடு போவேன். இதை நான் அடிக்கவில்லை, நீ படிக்கலாம். இப்போது வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பள்ளி விட்டு வந்து கதவுக்கு வெளியே நின்று, வேண்டுமென்றே அதை நன்றாக ஆட்டுவேன். முதல் வாரம் கோப்பி வரவில்லை. நான் விடவில்லை. தினமும் ஆட்டினேன். இன்று கதவைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அது குரைக்கத் தொடங்கிவிட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நான் நலம்.

உன் அக்கா